காதர்பேட்டையில் விற்கும் பட்டாளத்து உடை
திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக அச்சிட்ட பனியன்களைப் பொதுமக்கள் அணியலாமா என்று சித்தப்பா கேட்டார். படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்துடன் அவர்களுடையதைப் போன்ற உடையையோ சின்னத்தையோ அணிந்தால், 3 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 168ஆம் பிரிவு. ஆகவே, அந்தப் பனியனோடு தோட்டத்தில் தண்ணீர் கட்டுபவரை இப்பிரிவு தொடாது. தோளில் நட்சத்திரமும் மார்பில் பதக்கமும் குத்திக்கொண்டு சுங்கச்சாவடியில் சலுகை கேட்பதுதான் (அப்படியும் சிலர் இருக்கிறார்கள்) வில்லங்கம். ராணுவம் 2022இல் அறிமுகப்படுத்திய புதிய போர்ச்சீருடையின் வடிவம் ராணுவத்தின் பெயரிலேயே பதிவாகியிருப்பதால், அனுமதியின்றி அதை அச்சடித்து விற்கும் பனியன் கம்பெனிமீதும் வழக்குத் தொடரலாம்.