அடித்துத் திருத்திய இட்லிக் கணக்கு

“நோட்டில் 3 இட்லி என்று எழுதி, அதை அடித்து 2 ஆக்கியிருக்கிறாள். சாப்பாட்டுக் கணக்கையே ஒழுங்காக எழுதாதவள், ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுள் முழுக்க சத்து மாத்திரை சாப்பிடுவாள் என்று எப்படி நம்புவது?”

ஒரு பெண்ணுக்கு உடல் எடையைக் குறைக்கும் அறுவைசிகிச்சை செய்யலாமா என்று முடிவு செய்யும் மருத்துவக் குழுக் கூட்டத்தில் நான் சொன்னது இது. அறுவைசிகிச்சை மருத்துவர் கோப்பை மூடினார். “சரி மேடம், இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்” என்றார். அவர் என்னிடம் ஒரே ஒரு மறுகேள்வி கேட்டிருந்தால்கூட நான் தடுமாறியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுக்கு 16 வயது, எடை 121 கிலோ. டைப் 2 சர்க்கரை நோய். தூக்கத்தில் மூச்சு அடைத்துத் திடுக்கிட்டு எழுவாள் என்று அவள் அம்மா சொன்னார்.

எனக்குக் காரணங்கள் இருந்தன. ஸ்லீவ் என்ற எடைக்குறைப்பு அறுவைசிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அது திரும்ப வராது. எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்ட பதின்வயதினரைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் டீன்-லேப்ஸ் ஆய்வில், சிகிச்சை முடிந்து 3 ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உடலில் இரும்புச்சத்து இருப்பு குறைந்திருந்தது. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ரத்தசோகை. இதைச் சொல்ல உணவியல் நிபுணரான நான் இல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? இன்றும் இந்தக் கவலை தவறு என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அதே ஆய்வில்தான் எடை சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. டைப் 2 இருந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு 3 ஆண்டு முடிவில் சர்க்கரை அடங்கியிருந்தது. அதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. 13 வயதிலிருந்தே கடும் உடல்பருமன் உள்ளவர்களை அறுவைசிகிச்சை ஆலோசனைக்கு அனுப்பலாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் படித்திருந்தேன். இளம் வயதில் வரும் டைப் 2, பெரியவர்களுக்கு வருவதைவிட வேகமாகச் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கும் என்பதும் தெரியும். ஆறு மாதம் பொறுப்பது அவள் உடம்புக்குச் சும்மா கழியும் காலம் இல்லை.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? வாயைக் கட்டினால் உடம்பு தானாக இளைக்கும் என்ற எண்ணம், இத்தனை வருடம் படித்தும் வேலை பார்த்தும் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது. இன்சுலின் ஊசியைத் தவறவிடும் பையனிடம், ‘நீ ஒழுங்காக இருந்தால்தான் மருந்து’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இவளிடம் மட்டும் நன்னடத்தைச் சான்று கேட்டிருக்கிறேன். ஒருவேளை, 16 வயதில் எடுக்கும் முடிவை 30 வயதிலும் சுமக்க வேண்டுமே என்ற பயம்தான் என்னை அப்படிப் பேச வைத்ததோ. அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அவளையும் கூட்டத்துக்கு அழைத்து அதைச் சொல்லியிருக்கலாமே.

ஆறு மாதம் கழித்து அவர்கள் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை.

கோடு போட்ட 80 பக்க நோட்டு அது. நீல மையில் 3, அதன் மேல் அழுத்தமாக ஒரு கோடு, பக்கத்தில் 2. எண்ணிக்கையை மறைக்கத்தான் அடித்தாள் என்று நான் முடிவு கட்டினேன். எழுதிவிட்டு உட்கார்ந்தவள், ஒரு இட்லியை எடுத்து வைத்துவிட்டுத் திருத்தியிருக்கவும் கூடும். நோட்டை என்னிடம் நீட்டியபோது எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவில்லை.