முற்றிய வழுக்கைக்கு முடி நடுவதற்கு முன் போடவேண்டிய கணக்கு

ஆண்களின் வழுக்கை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைக் காட்டும் நார்வுட் அளவுகோலில் 6, 7-ஆம் நிலை என்றால் முன்னந்தலை, நடுத்தலை, உச்சி மூன்றும் ஒரே வெட்டவெளியாகிவிட்டன என்று பொருள். காதோரத்திலும் பிடரியிலும் லாட வடிவில் ஒரு பட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். இனி நடப்போகும் ஒவ்வொரு முடியும் அந்தப் பட்டையிலிருந்துதான் வரவேண்டும். அங்கிருந்து எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. அதனால் கிளினிக்கைத் தேடுவதற்கு முன்பே கையில் இருக்கும் இருப்பைக் கணக்கிட்டுவிட வேண்டும்.

முற்றிய வழுக்கையின் பரப்பு தோராயமாக 200 சதுர செ.மீ. இருக்கும். முடி கொட்டாத தலையில் ஒரு சதுர செ.மீ.க்கு 70 முதல் 90 கொத்துகள் வரை உண்டு. ஒரு கொத்தில் 1 முதல் 4 முடிகள். இந்தக் கொத்தைத்தான் கிராஃப்ட் என்கிறோம். இயற்கை அடர்த்தியில் பாதி இருந்தாலே பார்ப்பவர் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். சதுர செ.மீ.க்கு 35 என்று வைத்தால்கூட 7,000 கிராஃப்ட் தேவை. ஆனால் பலருக்கு வாழ்நாள் முழுவதற்கும் பத்திரமாக எடுக்க முடிந்தது 5,000 முதல் 6,000 வரைதான். இருப்பதைத் தலை முழுக்கச் சமமாகப் பரப்பினால் எங்கு பார்த்தாலும் தோல் தெரியும். ஆகவே எந்த இடத்தை மெலிதாக விடலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

என் கருத்தில் முன்னந்தலைக்கே முதலிடம். எதிரில் நிற்பவர் பார்ப்பது அதைத்தான். கண்ணாடியில் நாம் பார்ப்பதும் அதுவே. உதாரணமாக, முன்பகுதி 60 சதுர செ.மீ.க்கு 40 வீதம் 2,400. நடுத்தலை 70-க்கு 30 வீதம் 2,100. உச்சி 70-க்கு 15 வீதம் 1,050. மொத்தம் 5,550. உச்சியில் சுழி இருப்பதால் முடி எல்லாத் திசையிலும் பிரிந்து படுக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தோலை மறைக்காது. அதே எண்ணிக்கையை முன்னால் நட்டால் கிடைக்கும் தோற்றம் அங்கே கிடைக்காது. முதல் அமர்விலேயே உச்சியில் 2,000 கிராஃப்டைக் கொட்டிவிட்டு முன்பக்கத்துக்குத் தட்டுப்பாட்டோடு நிற்பவர்களின் நிலையைச் சரிசெய்வது மிகக் கடினம்.

நெற்றியில் முடி தொடங்கும் முன்கோட்டை எங்கே போடுவது என்பதிலும் ஆசைக்கு அணை போட வேண்டும். புருவ நடுவிலிருந்து 8 முதல் 9 செ.மீ. உயரம் இந்த நிலைக்குப் பொருத்தம். கோட்டை 1 செ.மீ. கீழே இறக்கினால், அகலம் 15 செ.மீ. என்று கொண்டால், 15 சதுர செ.மீ. கூடுகிறது, அதற்கே 600 கிராஃப்ட் போய்விடும். நெற்றிப்பொட்டின் மேல் முடி பின்வாங்கிய இடத்தை முழுதும் அடைக்காமல் விடுவதே வயதுக்கு ஒட்டும். முதல் இரண்டு மூன்று வரிசைகளில் ஒற்றை முடிக் கிராஃப்ட் மட்டும். வரிசை நேராக இல்லாமல் சற்றே ஒழுங்கற்று இருக்கட்டும். 7-ஆம் நிலையில் பக்கவாட்டு முடியும் கீழிறங்கியிருக்கும். அந்த ஓரத்தை உயர்த்தாமல் முன்கோட்டை மட்டும் போட்டால் அது எதோடும் சேராமல் தனித்தீவாக நிற்கும். பக்கத்துக்குச் சில நூறு கிராஃப்டை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முடியின் தடிமனையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 60 மைக்ரான் முடியைவிட 80 மைக்ரான் முடியின் குறுக்குப் பரப்பு முக்கால் பங்குக்கும் மேல் அதிகம். ஒரே கிராஃப்ட் எண்ணிக்கையில் ஒருவருக்குத் தலை நிறைவதும் இன்னொருவருக்கு நிறையாததும் பெரும்பாலும் இதனால்தான். கூடவே பிடரி முடியையும் டெர்மாஸ்கோப் என்ற தோல் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அங்கேயே பல முடிகள் மெலிந்து வந்தால், எடுத்து நட்ட முடியும் பின்னால் உதிரும். அப்படிப்பட்டவருக்கு அறுவை செய்யாமல் இருப்பதே நல்ல மருத்துவம். தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெட்டிய முடிபோல் தெரியும்படி தோலில் நிறப்புள்ளி குத்திக்கொள்வது அவருக்கு நல்ல வழி.

எடுக்கும் முறை இரண்டு. எஃப்யூடியில் பிடரியில் 1 முதல் 1.5 செ.மீ. அகலத்துக்குத் தோல்பட்டையை வெட்டித் தைப்பார்கள். கோடு போன்ற தழும்பு நிற்கும். எஃப்யூஇயில் 0.8 முதல் 1 மி.மீ. விட்டமுள்ள ‘பஞ்ச்’ என்ற குழல் கருவியால் ஒவ்வொரு கொத்தாக எடுப்பார்கள். தழும்பு பொட்டுப் பொட்டாகச் சிதறும். தலையை மொட்டையாக வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றால், முதலில் எஃப்யூடி, பிறகு எஃப்யூஇ என்ற வரிசையில்தான் அதிகபட்ச எண்ணிக்கை கிடைக்கும். எஃப்யூஇயில் ஒரே இடத்தில் நெருக்கி எடுத்தால் பிடரி பூச்சி அரித்ததுபோல் ஆகிவிடும். பாதுகாப்பான பட்டைக்கு மேலேயும் கழுத்தடியிலும் எடுத்த முடி வருடங்கள் கழித்து உதிரக்கூடும். எடுத்த இடத்துத் தழும்பும் அப்போது வெளியே தெரியும்.

குறைவதைத் தாடியிலிருந்து ஈடுகட்டலாம். தாடை அடியில் உள்ள முடி தடிமனானது, நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது முரடு. அதனால் முன்கோட்டில் நடாமல், நடுத்தலையிலும் உச்சியிலும் தலைமுடியோடு கலந்து நடுவதே சரி. மார்பு முடியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒரே நாளில் 5,000, 6,000 என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. தலையை மரத்துப்போக வைக்க ஊசியில் போடும், அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. என்ற உச்சவரம்பு உண்டு. நேரம் நீள நீள மருந்து கூடும், வெளியே காத்திருக்கும் கிராஃப்டும் சாகும். கிராஃப்ட் காய்ந்துபோவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு நாளுக்கு 2,500 முதல் 3,000 வரை என்று வைத்து, அடுத்த அமர்வுக்கு 8 முதல் 12 மாதம் இடைவெளி விடுங்கள். ஒற்றை, இரட்டை, மூன்று முடிக் கிராஃப்ட் எத்தனை எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு கொத்தை இரண்டாகப் பிளந்து எண்ணிக்கையைக் கூட்டுவது இதில்தான் வெளிப்படும். எடுப்பதும் துளையிடுவதும் மருத்துவரா, உதவியாளரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த தோலில் நெருக்கமாகத் துளையிட்டால் தோலே கருகக்கூடும். மிச்சமிருக்கும் முடியைக் காக்க ஆண்களுக்கு 1 மி.கி. ஃபினாஸ்டிரைட் மாத்திரை தரப்படுகிறது, பாலியல் சார்ந்த பக்கவிளைவுகள் சிலருக்கு வரும் என்பதால் மருத்துவரோடு பேசியே தொடங்குங்கள். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனையில் இது அளவைப் பாதியாகக் காட்டும். அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட வேண்டும்.

நட்ட முடி 2 முதல் 6 வாரங்களில் உதிரும். வேர் உள்ளே இருக்கும். 3, 4 மாதத்தில் முளைப்பு தொடங்கி, முன்பக்கம் ஏறக்குறைய 12 மாதத்தில் நிறையும். உச்சிக்கு 18 மாதம்வரை ஆகலாம். உச்சிக்கான மீதியை எங்கே வைப்பது என்பதை, முன்பக்கம் முழுதாக வளர்ந்த பிறகு, முடியை ஈரமாக்கி நேர்வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.