ரப்பர் ஷீட்டின் விலையும் ஒரு எஸ் எழுத்தும்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை ஒருத்தி கட்டுரை எழுதிக் கொண்டுவந்தாள். அவள் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி, அதனால் ரப்பரைப் பற்றியே எழுதியிருந்தாள், நன்றாகவும் இருந்தது. அதில் ஒரு வரி: 'த ப்ரைஸ் ஆஃப் ரப்பர் ஷீட்ஸ் ஆர் ஃபாலிங்'. நான் 'ஆர்' மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அவள் விடவில்லை. "ஷீட்ஸ் நிறைய இருக்குல்லா டீச்சர், அப்போ ஆர் தானே வரணும்?"

கேள்வி நியாயமானது. அவளுக்கு விதி தெரிகிறது, ஒருமைக்கு இஸ், பன்மைக்கு ஆர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். எந்தச் சொல்லுக்கு அந்த விதியைப் போட வேண்டும் என்பதில்தான் தடுக்கிவிட்டாள்.

அதே வரியைத் தமிழில் எழுதச் சொன்னேன். 'ரப்பர் ஷீட்டுகளின் விலை குறைகிறது.' இதில் அவள் தப்புவிடவே முடியாது, ஏனென்றால் 'விலை' என்ற சொல் 'குறைகிறது' என்பதை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விலையைப் பற்றிய விளக்கமெல்லாம் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. 'குளச்சலில் நிற்கிற அந்தப் பெரிய படகுகளின் சொந்தக்காரர் வந்திருக்கிறார்' என்று எவ்வளவு நீட்டினாலும் சொந்தக்காரர் கடைசியில் வினைக்குப் பக்கத்திலேயே இருப்பார். இடையில் வேறு சொல் வந்தாலும் பெரும்பாலும் அதன் வாலில் ஒரு வேற்றுமை உருபு ஒட்டியிருக்கும், எழுவாய் அது இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலீஷில் வரிசை தலைகீழ். 'ப்ரைஸ்' முதலில் வரும், அதன் விளக்கம் பின்னால் வரும், அந்த விளக்கத்துக்கும் பின்னால்தான் வினை. ஆகவே வினைக்குப் பக்கத்தில் நிற்பது விலை இல்லை, ஷீட்டு. வினைக்கு முன்னால் நிற்கிற சொல்லைப் பார்த்தே பழகிய தமிழ்க் கண் நேராக அங்கே போகிறது.

அதனால் நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். 'ஆஃப்' என்ற சொல்லிலிருந்து வினைக்கு முன்வரை விரலால் மறைத்துவிட்டு வாசி. 'த ப்ரைஸ்... இஸ் ஃபாலிங்.' 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்று வந்தாலும் இதே விரல்தான், 'ஒன்... இஸ்'. பத்தாம் வகுப்பில் இந்த ஒரு வரிக்காக நான் வகுப்பு முழுக்க எழுந்து நின்றிருக்கிறேன். தப்பு என்று சொன்னார்கள், ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

'ஹீ, ஷீ, இட் வந்தால் எஸ் போடு' என்று சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்ய வைப்பதால் பிள்ளைகள் இதை ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த விநோதம் என்று நினைக்கிறார்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. இவ்வளவு விகுதியையும் மூன்று வயதில் யாரும் சொல்லித்தராமல் பேசுகிற பிள்ளைக்கு ஒரே ஒரு எஸ் எம்மாத்திரம்? இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் விகுதிகள் நிறைய இருந்தன, தேய்ந்து தேய்ந்து நிகழ்காலத்தில் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1611இல் வந்த பழைய இங்கிலீஷ் பைபிளை வைத்திருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் உண்டு, இருபத்துமூன்றாம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், 'லீட்ஸ்' என்று இருக்காது, 'லீடெத்' என்று இருக்கும். அந்த 'எத்' இருந்த இடத்தில்தான் இப்போது எஸ் உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாவட்டத்தில் பாடம் எடுக்கிறவளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேரும் வரை முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று இருந்த ஊர் இது, குழித்துறை, களியக்காவிளை பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைகளும் வருகிறார்கள். மலையாளத்தில் ஞான் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு, எல்லாவற்றுக்கும் வந்நுதான். வினை யாருக்காகவும் மாறுவதில்லை. இங்கிலீஷின் இறந்தகாலமும் அப்படியே, ஐ கேம், ஷி கேம், தே கேம் ('வாஸ்', 'வேர்' மட்டும் விலக்கு). ஆக, இறந்தகாலத்துக்கு மலையாளத்தை நினைத்துக்கொள், நிகழ்காலத்துக்குத் தமிழை நினைத்துக்கொள் என்று சொன்னால் இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

ஆனால் தமிழே பிள்ளைகளைத் தப்பில் கொண்டுவிடும் இடங்களும் உண்டு. 'ஷி டோன்ட் நோ' என்று ஏன் இத்தனை பேர் எழுதுகிறார்கள்? 'அவள் போகவில்லை, நான் போகவில்லை, அவர்கள் போகவில்லை' என்று நம் எதிர்மறை யாருக்கும் மாறாமல் நிற்கிறது, அந்தப் பழக்கத்தில் 'டோன்ட்' எல்லோருக்கும் பொது என்று ஆகிவிடுகிறது. இங்கிலீஷில் அங்கே 'டஸின்ட்' வர வேண்டும். எஸ் ஏற்கெனவே 'டஸ்' மேல் ஏறிவிட்டதால் 'நோ' வெறுமையாக நிற்கும், 'டஸ் ஷி நோஸ்' என்று இரண்டு தடவை போடக் கூடாது. 'கேன்', 'மஸ்ட்' இரண்டும் 'போகலாம்', 'போக வேண்டும்' மாதிரி, யாருக்கும் மாறாது, அங்கே தமிழ்ப் பழக்கம் உதவிக்கு வரும்.

அப்புறம் அஃறிணை. எழுத்தில் 'மாடுகள் நிற்கின்றன', பேச்சில் 'மாடு நாலு நிக்கு'. பேச்சில் அஃறிணைக்குப் பன்மை வினையே போய்விட்டது. 'த புக்ஸ் இஸ் ஆன் த டேபிள்' என்று எழுதுகிற அதே பிள்ளை 'த கேர்ள்ஸ் இஸ்' என்று எழுதமாட்டாள். என்னிடம் வரும் நோட்டுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

'அண்ட்', 'அலாங் வித்' குழப்பத்துக்கு மட்டும் தமிழைவிட நல்ல வாத்தியார் கிடையாது. 'அம்மாவும் அக்காளும் வந்தார்கள்', 'பிள்ளைகளோடு அம்மா வந்தாள்'. 'உம்' போட்டால் எல்லோரும் சேர்ந்து எழுவாய், 'ஓடு' போட்டால் அம்மா ஒருத்திதான். இங்கிலீஷிலும் அப்படியே, 'த மதர் அலாங் வித் ஹெர் சில்ட்ரன் இஸ்'.

பிரதிப்பெயருக்கு வருகிறேன். 'எவ்ரிஒன் ஹேஸ் தெயர் ஓன் புக்' என்று ஒரு வரி வந்தது. 'ஹேஸ்' ஒருமை, 'தெயர்' பன்மை, இது எப்படிச் சரி என்று ஒரு பையன் கேட்டான். முதலில் 'எவ்ரிஒன்' என்பதை 'எல்லோரும்' என்று நினைக்காதே, 'ஒவ்வொருவரும்' என்று நினை, ஒருமை ஏன் என்று தெரிந்துவிடும். 'தெயர்' விஷயம் கொஞ்சம் நீளம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' என்று சொல்வது பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலீஷில் உண்டு. பின்னாளில் இலக்கணக்காரர்கள் 'ஹீ' என்றே எழுத வேண்டும் என்றார்கள், 1850இல் பிரிட்டனில் ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டமே வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் என்றாலும் வினை 'தே ஆர்' என்றுதான் வரும், 'தே இஸ்' வராது. 'யூ ஆர்' இருக்கிறதே, அதுவும் பன்மையாக இருந்து ஒருவருக்கு வந்ததுதான்.

நம் 'அவர்' என்ன? பலர்பால் சொல்தான், மரியாதைக்காக ஒருவருக்கு வந்தது, வினையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் தனிச் சூத்திரமே இருக்கிறது. அந்த நூலைக் கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசான் எங்கள் விளவங்கோடு பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்றுதான் இங்கே சொல்வார்கள். சூத்திரம் சொன்னாலும் 'அவர் வந்தார்' நிலைத்துவிட்டது. 'தே' இப்போது அந்த வழியில்தான் போகிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஒரு அம்மா வந்து தன் பையனைக் கூப்பிட்டார், "மக்களே, முடிஞ்சாச்சா? நீ வாறியா?" ஒரே ஒரு பையன், 'மக்களே' பன்மை, 'நீ' ஒருமை. வகுப்பு மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. பன்மைச் சொல் பாசத்துக்காக வந்தது, எழுவாய் 'நீ'தான், ஆகவே வினை 'நீ'யைத்தான் கேட்கும் என்று ரப்பர் ஷீட்டு எழுதிய பிள்ளையே பதில் சொன்னாள்.

நாளைக்கு 'தன்' எடுக்கப் போகிறேன். 'அவள் தன் அம்மாவோடு போனாள்' என்பதை 'ஷி வென்ட் வித் ஹிஸ் மதர்' என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். 'தன்' ஆணா பெண்ணா என்று காட்டாது, அந்தப் பொறுப்பை 'ஹிஸ்', 'ஹெர்' எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்னும் நல்ல உதாரணம் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.