மூடிக் கட்டிய இடம்

களுவாஞ்சிக்குடியில் எங்கள் சைக்கிள் கடை வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை இல்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல். மிதிக்காமல் சைக்கிள் தானாக உருள வேண்டுமென்றால் ஏதாவது பாலத்து இறக்கத்தைத் தேடிப் போக வேண்டும். மாவட்டத்துக்கு மலை என்று பெயர் சொல்ல இருக்கிற குடும்பிமலை எங்களுக்கு வெகுதூரம். இப்படியொரு ஊரில் இருந்துகொண்டு, பாறையும் வேருமாகக் கிடக்கிற மலைப்பாதையில் தலைகீழாக இறங்குகிற டவுன்ஹில் பந்தய சைக்கிள்களைப் பற்றி நான் எழுதுவது பகிடிதான். என் மனைவிக்கும் அதே எண்ணம்தான்.

எல்லாம் ஒரு ரப்பர் வளையத்தில் தொடங்கியது. சில வருடங்களுக்கு முன், அறுகம்பையிலிருந்து மட்டக்களப்புக்கு மவுண்டன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன், செயின் அறுந்து கடைக்கு உருட்டிக்கொண்டு வந்தான். செயினைப் பொருத்தும்போது பார்த்தேன், முன் சில்லைப் பிடித்திருக்கிற போக்கின் (ஃபோர்க்) பளபளப்பான குழாயில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று பாதியில் நிற்கிறது. எங்கிருந்தோ கழன்று வந்த வாசர் என்று நினைத்து வெட்டி எடுக்கப் போனேன். பொடியன் பதறிப்போய்க் கையைப் பிடித்துவிட்டான். போக் அமுங்கும்போது அந்த வளையத்தை மேலே தள்ளுமாம். போக் திரும்பி வந்துவிடும், வளையம் போன இடத்திலேயே நிற்கும். வண்டி எவ்வளவு ஆழம் அமுங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. அரைகுறை இங்கிலீசிலும் கைச்சாடையிலும் இவ்வளவையும் விளங்கிக்கொண்டேன்.

அன்று இரவு அதைப் பற்றிப் போனில் தேடப் போய், டவுன்ஹில் உலகக் கிண்ணப் படங்களில் போய் விழுந்தேன். 1993இல் தொடங்கிய தொடர். அந்த சைக்கிள்களின் முன் போக் 200 மில்லிமீற்றர் அமுங்கும், கிட்டத்தட்ட ஒரு சாண். போட்டிக்கு முந்தைய நாட்களில் அணிகளின் கூடாரங்களுக்குள் நிற்கிற சைக்கிள்களைக் கிட்டப் போய்ப் படமெடுத்துப் போடுவார்கள். கடை பூட்டிய பிறகு அந்தப் படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நிறத்தையும் பெயரையும் நான் பார்ப்பதில்லை. முதலில் பற்று (வெல்டிங்) வைத்த இடத்தைப் பார்ப்பேன். காபன் பிரேம் விற்கிற கம்பனியின் வீரர் திடீரென்று பற்றுத் தழும்பு தெரிகிற அலுமினியப் பிரேமில் ஏறினால், அங்கே ஏதோ புதிதாக வேகுகிறது. காபனுக்கு அச்சு செய்யப் பெருங்காசு வேண்டும், செய்தபின் மாற்ற முடியாது. அலுமினியம் என்றால் வெட்டலாம், ஒட்டலாம், அடுத்த மாதம் பின்பக்கத்தை ஒரு விரல் நீட்டிப் பார்க்கலாம். அப்புறம் வயர். போக்கின் பக்கத்தில் மெல்லிய கம்பியும் வயரும் ஓடினால், அது எவ்வளவு வேகமாக அமுங்கி எழும்புகிறது என்று அளக்கிறார்கள். பயிற்சி நாளில் இருப்பது போட்டியன்று பெரும்பாலும் இருக்காது. மார்க்கர் பேனையால் எழுதிய இலக்கங்கள், ஒரே போல்ட்டுக்கு இரண்டு மூன்று துளைகள், ஓரம் வெட்டிய ரயர்க் கட்டைகள், எழுத்தே இல்லாத ரயர், இப்படி ஒவ்வொன்றாகத் தேடுவேன். பின்பக்க அதிர்வைத் தாங்குகிற சொக் இருக்கிற இடத்தைத் துணியால் மூடிக் கட்டியிருந்தால் பிறகு கேட்கவே தேவையில்லை, கண் நேரே அங்கேதான் போகும்.

மூடுவதில் ஹொண்டாவை யாரும் மிஞ்சவில்லை. 2003இல் அவர்கள் இறக்கிய பந்தய சைக்கிளில் கியர் முழுவதும் பிரேமின் நடுவில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. உள்ளே என்ன என்று யாருக்கும் காட்டவில்லை. தென்னாபிரிக்காவின் கிரெக் மின்னார் அதில் ஓடி 2005இல் உலகக் கிண்ணத் தொடரையே வென்றார். கடைசிவரை ஒரு சைக்கிள்கூட விற்பனைக்கு வரவில்லை. பின்னாளில் பெட்டியின் கதை வெளியே வந்தபோது, உள்ளே இருந்தது பல்சக்கரமும் செயினும் அதை மாற்றித் தள்ளுகிற டெரெய்லரும்தான். வழமையாகப் பின் சில்லில் தொங்குகிற சாமானை உள்ளே தூக்கி வைத்திருக்கிறார்கள். பாறையில் அடிபடாது, பின் சில்லின் பாரமும் குறையும். இதை வாசித்த அன்று தனியே இருந்து சிரித்தேன், ஆனால் மரியாதை குறையவில்லை. இடத்தை மாற்றுவதும் வேலைதானே.

சில்லு விசயத்தில் எனக்குக் கொஞ்சம் செருக்கு உண்டு. 2017இல் பிரான்ஸின் லூர்து நகரப் போட்டிக்கு சான்டா குரூஸ் அணி 29 அங்குலச் சில்லோடு வந்தது பெரிய பேச்சாகிவிட்டது. அதன் ரிம் விட்டம் 622 மில்லிமீற்றர். எங்கள் அப்பாமார் ஓடிய 28 அங்குலப் பெரிய சைக்கிளின் ரிம் 635. பெயரில் சின்னது, அளவில் பெரியது. அதேபோல முன்னுக்குப் பெரிய சில்லும் பின்னுக்குச் சின்னதும் போட 2019இல்தான் அந்தப் போட்டியில் விதியை மாற்றி இடம் கொடுத்தார்கள். அதே ஆண்டு கனடாவில் லோயிக் புரூனி அப்படியொரு சைக்கிளில் உலக சாம்பியனானார். யுத்த காலத்தில் சாமான் தட்டுப்பாட்டால் வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆட்களுக்கு முன்னுக்கு 28, பின்னுக்கு 26 என்று அப்பா பூட்டிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு யாரும் பதக்கம் போடவில்லை. (அந்த வண்டிகள் ஒரு நாளும் நேராக ஓடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

பார்த்ததைக் கொப்பியடிக்கப் போய் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பந்தயக்காரர்கள் ரயருக்குக் காற்றைக் குறைத்து, 25, 30 பிஎஸ்ஐ அளவில்தான் வைப்பார்கள். அப்போதுதான் ரயர் நிலத்தைப் பிடிக்கும். வெல்லாவெளிப் பக்கமிருந்து கிறவல் றோட்டில் பால் கொண்டு வருகிற ஐயா, கை உதறுகிறது என்றார். பின் ரயரில் காற்றை நன்றாக இறக்கிக் கொடுத்தேன். அடுத்த நாளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு, ரிம் நெளிந்து கிடந்தது, பாலும் கொஞ்சம் கொட்டுப்பட்டிருந்தது. பந்தய சைக்கிளில் ரியூப் இல்லை, ரயர் ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல், பலர் உள்ளே ரிம்மைக் காக்க நுரை வளையமும் போட்டிருப்பார்கள். இவையெல்லாம் வெளிப்படத்தில் தெரியாது. நான் கண்டது காற்றை மட்டும். புது ரிம் என் செலவில் போட்டேன். ஐயா ஏசவில்லை. "மறுகா இப்பிடிச் செய்யாத மனே" என்றார், அவ்வளவுதான்.

இதெல்லாவற்றையும் எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர் மருதமுனையிலிருந்து மீன் கொண்டு வருகிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர். அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் இரும்புச் சட்டம், அதில் ரெஜிபோம் பெட்டி. சத்தம் வரக்கூடாதென்று சட்டத்தைச் சுற்றிப் பழைய ரியூப் வார் கட்டியிருப்பார். டவுன்ஹில் மெக்கானிக்குகள் செயின் அடிபடுகிற இடத்தில் ஒட்டுகிற ரப்பர் நாடாவுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அண்மைக்காலத்தில் சில அணிகள் பெடல் அச்சுப் பக்கம் வேண்டுமென்றே பாரக்கட்டிகளைப் பூட்டிப் பார்க்கின்றன. இவ்வளவு காலமும் கிராம் கிராமாகக் குறைத்தவர்கள் ஏன் பாரம் ஏற்றுகிறார்கள் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது காக்காவிடம் படத்தைக் காட்டினேன்.

"பெட்டி நிறைஞ்சா வண்டி சாதுவாப் போகும் தம்பி. வித்து முடிஞ்சு வெறும் பெட்டியோட வரக்கொள்ளதான் குதிக்கும்" என்றார்.

சரிதான். சில்லு துள்ளும்போது மேலே இருக்கிற உடம்பு பாரமாக இருந்தால் அதை இலேசில் அசைக்க முடியாது.

போன மாதம் காக்கா காற்று அடிக்க வந்தார். சட்டம் பிரேமோடு சேர்கிற இடத்தில் புதிதாக ஒரு சாக்குத் துண்டு சுற்றிக் கட்டியிருந்தது. என் கண் அங்கேதான் போனது. அவர் எதிர்க்கடையில் பிளேன்ரீ குடிக்கப் போன நேரம் மெல்ல விலக்கிப் பார்த்தேன். பிரேம் வெடித்து, புதுப் பற்று வைத்திருந்தது. என் கைப் பற்று இல்லை, வேறு யாரோ வைத்தது. என்னைவிட நன்றாகத்தான் வைத்திருந்தான்.

சாக்கைப் பழையபடி கட்டிவிட்டு, இரண்டு ரயருக்கும் காற்று அடித்து வைத்தேன்.