அறந்தாங்கியில் சின்னம்தான் மாறியது

கட்சி தாவல் என்று பேச்சு வந்தாலே பண்ருட்டி ராமச்சந்திரனில் தொடங்கி செந்தில் பாலாஜியில் முடிப்பார்கள். எனக்கென்னவோ சு. திருநாவுக்கரசர் கதைதான் அதிக சுவாரஸ்யம். அவர் எத்தனை கட்சி மாறினார் என்பதைவிட, அவரது தொகுதியான, புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கிக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக.

1977இல் எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பிடித்தபோது அறந்தாங்கியில் இரட்டை இலையில் ஜெயித்து, முப்பது வயதுகூட ஆகாமல் துணை சபாநாயகர் ஆனார். 1980, 1984 அதே இலை. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி உடைந்ததும் ஜெயலலிதா அணி. 1989இல் சேவல் சின்னம், அதிலும் வெற்றி. அப்புறம் ஜெயலலிதாவோடு ஒத்துவராமல் வெளியேறி, 1991இல் வேறு சின்னத்தில் நின்றார். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வந்த அந்தத் தேர்தலில் அதிமுக, காங்கிரஸ் கூட்டணி அடித்துத் துவைத்து, திமுகவே 2 இடத்தோடு நின்றுபோனது. அப்பேர்ப்பட்ட அலையிலும் அறந்தாங்கி இவரை விடவில்லை. 1996 இன்னும் வேடிக்கை. அதிமுகவுக்கே திரும்பி வந்து நிற்கிறார், இந்த முறை அலை அதிமுகவுக்கு எதிராக. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், கட்சிக்குக் கிடைத்தது மொத்தம் 4 இடம். அந்த நாலில் ஒன்று அறந்தாங்கி!

ஆறு தேர்தல், மூன்று சின்னம், ஒரே ஆள். இவ்வளவு நடந்த பிறகு அவரைக் கொள்கை இல்லாதவர் என்று திட்டுகிறவர்கள், ஓட்டுப் போட்டவர்களையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கும். இத்தனைக்கும் ஒவ்வொரு முறையும் புதுச் சின்னத்தோடு மக்களிடம் போய்க் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். ஒரு சின்னத்தில் ஜெயித்துவிட்டு மறுவருஷமே வேறு சால்வை போட்டுக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும் பதவியில் இருப்பவரைத்தான் பிடிக்கும், தேர்தலுக்கு முன்னால் கிளம்புகிறவரை ஒன்றும் செய்யாது.

சரி, அந்த செல்வாக்கு எதுவரை செல்லும்? மறுபடியும் அதிமுகவை விட்டு வெளியேறி தனிக்கட்சி, 1999இல் பாஜக கூட்டணியில் புதுக்கோட்டை எம்.பி., 2002இல் கட்சியை அப்படியே பாஜகவில் கரைத்துவிட்டு வாஜ்பாய் அரசில் இணை அமைச்சர். 2009இல் ராமநாதபுரத்தில் தாமரையில் நின்று தோற்றார். அதே வருஷம் காங்கிரசில் சேர்ந்தார். 2014இல் அதே ராமநாதபுரத்தில் கை சின்னத்தில் நின்றார், மறுபடியும் தோல்வி. அறந்தாங்கியும் அந்த எம்.பி. தொகுதிக்குள்தான் வருகிறது, ஆனால் தொகுதி முழுக்க ஆளைப் பார்த்து ஓட்டு விழவில்லை. தாமரையில் அமைச்சராக இருந்தவரையே 2016இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக உட்கார வைத்தார்கள், நம் ஊரில் இதெல்லாம் யாரையும் பெரிதாக உறுத்துவதில்லை. 2019இல் திருச்சியில் நான்கு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தாரே என்றால், அது திமுக கூட்டணி ஓட்டு. 2024இல் கூட்டணிப் பங்கீட்டில் அந்தத் தொகுதி மதிமுகவுக்குப் போனதும் இவர் கையில் ஒன்றுமில்லை.

அவர் மகன் ராமச்சந்திரன் 2016இல் அறந்தாங்கியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார், 2021இல் ஜெயித்தார். அதில் அப்பாவுக்கு விழுந்த ஓட்டு எவ்வளவு, கூட்டணிக்கு விழுந்தது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என் கணிப்பு, பாதிக்கு மேல் கூட்டணிதான்.