மாரத்தஹள்ளி பிஜிக்கு தினமும் வந்த 400 பேர்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) நடத்தும் தருமபுரிக்காரர் ஒருவர், பிஜி தேடுபவர்களுக்கென்றே வைத்த மாதிரி பெயருள்ள பழைய டொமைன் (வலைத்தள முகவரி) ஒன்றை 45,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். விற்றவர் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் ‘தினமும் 400 விசிட்’. நூறு பேருக்கு ஒருத்தர் வந்தாலும் நாளைக்கு நாலு பெட். மொட்டை மாடியில் ஷீட் போட எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டும் வைத்துவிட்டார். இரண்டு வாரம் போனது. போன் அடித்ததென்னவோ தண்ணி லாரிக்காரர் மட்டும்தான்.

மூன்றாவது மாடி டபுள் ஷேரிங்கில் கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவன் உண்டு. காலை இட்லிக்கு இறங்கியவன் மாட்டிக்கொண்டான்.

“நானூறு பேர் வர்றான் தம்பி, ஒருத்தனும் பேச மாட்டேங்கறான்.”

“அது ஹிட் கணக்குண்ணே, ஆள் கணக்கு இல்ல. ஒரு சாப்பாட்டுக்கு சோறு, சாம்பார், பொரியல், அப்பளம்னு நாலு தடவை பரிமாறினா நாலு சாப்பாடா? பேஜ், அதோட அலங்காரத்துக்கு சிஎஸ்எஸ் ஃபைல், ரெண்டு படம். ஒருத்தர் வந்தாலே லாக்ல நாலு வரி.”

யார் எதைக் கேட்டார் என்று சர்வர் எழுதிவைக்கும் ஆக்சஸ் லாக்கைத் திறந்தார்கள். ஒவ்வொரு வரியிலும் ஐபி (வந்தவரின் இணைய எண்), நேரம், கேட்ட பக்கம், ஸ்டேட்டஸ் கோட் (சர்வர் சொன்ன பதிலின் எண்), எங்கிருந்து வந்தார், எந்த பிரவுசர் எல்லாம் இருக்கும். முந்தைய நாளுக்கு 412 வரி. அண்ணன் முகத்தில் வெளிச்சம்.

முதல் சல்லடையிலேயே 288 போயிற்று. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, மணிக்கு 12, நாளைக்கு 288. சைட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் அப்டைம் மானிட்டர். விற்றவர் வைத்துவிட்டு நிறுத்த மறந்தது (மறந்ததாகவே வைத்துக்கொள்வோம்). மீதி 124. அதில் 61 வரி வேர்ட்பிரஸ் லாகின் பக்கமான டபிள்யூபி-லாகின், பாஸ்வேர்டு வைக்கும் டாட் என்வி ஃபைல் என்று இல்லாத கதவைத் தட்டிய ஸ்கேனர்கள். சைட்டைப் பாதுகாப்பாகத் திறக்கப் புதிதாக எஸ்எஸ்எல் சர்டிபிகேட் எடுத்தால் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும்; அதைப் பார்த்தே இந்தக் கூட்டம் சில நிமிஷத்தில் வந்து சேரும். தேடலுக்காகப் பக்கங்களைப் படித்துப்போகும் கூகுள், பிங் வகையறா கிராலர்கள் 22. கூகுள்பாட் என்று பெயர் போட்டுக்கொண்டு போலியும் வரும், அதனால் ஐபி யாருடைய பெயரில் இருக்கிறது என்று ரிவர்ஸ் டிஎன்எஸ் பார்த்து, கிடைத்த பெயரைத் திரும்ப ஐபிக்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டும்.

மிச்சம் 41. அதில் 24 ஒரே போனிலிருந்து, ஒரே ஐபியில்.

“இது யாருண்ணே, ஆறு தடவை வந்திருக்கார்?”

“யாராவது வந்திருக்காங்களான்னு நான்தான் பார்த்தேன்.”

இன்னொரு வரி யாரோ லிங்க்கை அனுப்பியபோது வாட்ஸ்அப் எடுத்த பிரிவ்யூ. பாக்கி 16 வரி. நாலு பேர்.

ஒரு நாளை வைத்து முடிவு கட்டக் கூடாது, நாலு வாரமாவது வேண்டும். உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் லாக் சாதாரணமாக 14 நாள்தான் நிற்கும், பழையது தானாக அழியும். பழைய லாக்கைக் கழிக்கும் லாக்ரொட்டேட்டில் அந்த எண்ணை முதலில் கூட்ட வேண்டும். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டும் போடாமலும், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என நாலு வழியும் திறக்க வேண்டும். அண்ணன் டொமைனில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூவுக்கு, பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் ரெக்கார்டே இல்லை. அப்படி வந்தவர்கள் லாக்கில் விழாமலே திரும்பியிருப்பார்கள். வேறு சைட்டுக்குத் திருப்பிவிட்டு எண்ணுவதானால் 302தான், அதாவது தற்காலிகத் திருப்பல். நிரந்தரத் திருப்பலான 301 போட்டால் பிரவுசர் அதை ஞாபகம் வைத்து, அடுத்த முறை இந்தப் பக்கமே வராமல் நேராகப் போய்விடும், எண்ணிக்கை குறையும்.

ஐபியை மட்டும் எண்ணினாலும் தப்பு. மொபைல் நெட்டில் ஒரே ஐபிக்குப் பின்னால் பல பேர் இருப்பார்கள். ஒரே ஆளின் ஐபி மாறவும் செய்யும். ஐபியோடு பிரவுசர் பெயரையும் சேர்த்து, படமும் சிஎஸ்எஸ்ஸும் இறக்கியவரை மட்டும் ஆளாக எடுத்தால் ஓரளவு சரி வரும். வருகையை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸும் கூட இருக்கட்டும், ஆனால் ஆட் பிளாக்கர் போட்டவர் அதில் விழமாட்டார். மணிவாரியாகப் பார்ப்பதும் நல்ல சோதனை: மனிதக் கூட்டம் விடிகாலை மூன்று மணிக்கு வற்றும், மானிட்டர் வற்றாது. லாக் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த நாலு பேரும் கேட்டது முகப்புப் பக்கத்தை அல்ல, ஒரே பழைய பக்கத்தை. எல்லாருக்கும் கிடைத்தது 404, அதாவது அதே சிஎஸ்எஸ், படங்களோடு ‘அந்தப் பக்கம் இல்லை’ என்ற பதில். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆர்க்கைவில் அந்த முகவரியைப் போட்டார்கள். ‘அட்வான்ஸ் திருப்பித் தராத பிஜிகள்’ என்று ஒரு பட்டியல் திறந்தது. அண்ணன் மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். ஏழாவது பெயரில் நின்றார்.

“தம்பி, இந்த 404ஐ விடக் கெட்டியா ஏதும் இருக்கா?”

“410 இருக்குண்ணே. நிரந்தரமா எடுத்தாச்சுன்னு அர்த்தம். கூகுள்லேர்ந்தும் போயிடும். ஆர்க்கைவ்ல இருக்கிறது இருக்கும்.”

“அதையே போடு.”

“போட்டுடறேன். அப்புறம், அடுத்த மாசம் நான் ரூம் காலி பண்றேன்ணே. அட்வான்ஸ் விஷயம் பேசிடலாமா?”