பெர்த்: ஈகிள்ஸ் ஏன் தோற்கிறது என்று பார்க்கப் போன பயணம்

சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்தும் வேலைகூட இல்லை. 2025 மே மாத நடுவில் நான் போனபோது பெர்த்தின் ஆஸ்திரேலிய ஃபுட்டி அணியான வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அந்தப் பருவத்தில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. பத்தாவது ஆட்டம் செயின்ட் கில்டாவோடு. "தோற்கிற அணியைப் பார்க்கவா இவ்வளவு செலவு?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அது ஏன் தோற்கிறது என்ற கேள்வி மூன்று வருடமாக என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் அதற்கு விடை கிடைக்காது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். இந்த விளையாட்டிலோ பாதி விஷயம் பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விதி. ஆஸ்திரேலிய ஃபுட்டியில் அணிக்குப் பதினெட்டுப் பேர் களத்தில். மைதானம் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள்; நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்தில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கையின் மூடிய முஷ்டியால் குத்தி அனுப்பலாம், அது ஹேண்ட்பால். குறைந்தது 15 மீட்டர் உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் 'மார்க்'. மார்க் பிடித்தவரை யாரும் தொட முடியாது. நிதானமாக அடுத்த உதையை உதைக்கலாம். இந்த 'நிதானமாக' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈகிள்ஸின் ஏற்றமும் இறக்கமும் அதில்தான் இருக்கின்றன.

நான் பெர்த்தில் படித்த காலத்தில்தான் இந்தப் பித்து பிடித்தது. 2006 இறுதியாட்டத்தில் சிட்னி ஸ்வான்ஸை 85-84 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றார்கள். முந்தைய ஆண்டு அதே சிட்னியிடம் 4 புள்ளியில் தோற்ற அணி அது. அன்று விடுதியின் பொது அறையில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த ஊரில் நானும் ஒருவன் என்று முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

அதனால் இந்த முறை இறங்கிய மறுநாள் காலையிலேயே சுபியாக்கோவுக்கு ரயில் ஏறினேன். 2017 வரை ஈகிள்ஸின் வீடு அங்கேதான். அரங்கத்தை 2019-இல் இடித்துவிட்டார்கள். பழைய நுழைவாயிலும் மைதானத்தின் புல்வெளியும் மட்டும் மிச்சம். பக்கத்திலேயே புதிதாக ஒரு பள்ளிக்கூடம். படிக்கட்டு வரிசைகள் இருந்த இடத்தில் வெறும் வானம். நான் வழக்கமாக உட்கார்ந்த பக்கம் எது என்று கொஞ்ச நேரம் தேடினேன், பிறகு நுழைவாயிலை வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். நீளமான, ஒடுக்கமான மைதானம் அது. அந்த வடிவத்துக்கு ஏற்ற ஆட்டத்தை ஆடித்தான் ஈகிள்ஸ் வளர்ந்தது.

அந்தப் புல்லில் உட்கார்ந்துகொண்டே, கைபேசியில் 2018 இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களை மறுபடி பார்த்தேன். எத்தனையாவது முறையோ. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம், எதிரே காலிங்வுட். முதல் குவார்ட்டரில் 29 புள்ளி பின்தங்கிய ஈகிள்ஸ் ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்திருந்தது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. தடுப்பில் ஜெரமி மெக்கவர்ன், விலாவில் அடிபட்ட நிலையில், எதிரணியின் பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடிக்கிறார். அங்கிருந்து நேதன் வார்டிக்கு ஒரு நீண்ட உதை, மார்க். வார்டியிலிருந்து லியாம் ரயனுக்கு, அதுவும் மார்க். ரயனிலிருந்து எல்லைக்கோட்டோரம் டாம் ஷீடுக்கு, மார்க். ஷீட் கோட்டை ஒட்டி, கம்பங்கள் மெல்லிய கீற்றாகத் தெரியும் கோணத்திலிருந்து உதைத்து கோல். 79-74.

நான்கு மார்க். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்து போனது. இடையில் தரையைத் தொடவே இல்லை. இதுதான் ஆடம் சிம்சன் பயிற்சியாளராகக் கட்டிய ஆட்டம். தடுப்பில் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளாமல் இடத்தைக் காப்பார்கள். 2015-இலேயே அதற்கு 'வலை' என்று பெயர் விழுந்துவிட்டது. எதிரணி உள்ளே உதைக்கும் பந்து அந்த வலையில் விழும். பிறகு ஷானன் ஹர்ன் போன்ற துல்லியமான கால்கள் அதைப் பொறுமையாக, மார்க் மார்க்காக, முன்னே நகர்த்தும். பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிரணி கோல் போட முடியாது. அவ்வளவு எளிமையான தத்துவம்.

அந்த எளிமைக்குள் இருந்த ஆபத்து எனக்கு 2018-இல் தெரியவில்லை. வலை என்பது பதினெட்டுப் பேரும் ஒரே கணத்தில் ஒரே முடிவை எடுப்பது. எப்போது தன் ஆளை விட்டுவிட்டு உயரப் பந்துக்குப் போகலாம், யார் தன் இடத்தை நிரப்புவார் என்பது பல வருடம் சேர்ந்து ஆடியவர்களுக்கு மட்டும் வருகிற அறிவு. பலகையில் படம் போட்டுச் சொல்லித்தர முடியாது. அந்த அறிவு கொண்டவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வயதானார்கள். பிராட் ஷெப்பர்ட் 2021-இல் தலைக்காயத்தால் ஆட்டத்தை நிறுத்தினார். ஜாஷ் கென்னடி 2022-இல் ஓய்வுபெற்றார். ஹர்ன், லூக் ஷூயி, நிக் நைட்டனூய் மூவரும் 2023-இல் ஓய்வுபெற்றார்கள். டாம் பாரஸ் 2024 முடிவில் ஹாத்தோர்னுக்கு மாறினார்.

போதாததற்கு விதியும் மாறியது. 2021 முதல், மார்க் பிடித்தவருக்கு எதிரே நிற்பவர் பக்கவாட்டில் நகரக் கூடாது. நடுவர் 'ஸ்டாண்ட்' என்று கத்துவார், நின்றவர் சிலையாக நிற்க வேண்டும். பந்து வைத்திருப்பவருக்குத் திடீரென்று இரண்டு பக்கமும் வழி திறந்தது. எல்லா அணிகளும் மைதானத்தின் நடுவே வேகமாகப் பாயக் கற்றுக்கொண்டன. வலை கூடுவதற்கு ஒரு சில விநாடி வேண்டும். அந்த விநாடிகளைத்தான் இந்த விதி பறித்தது. மற்ற அணிகள் பாயப் பழகிய காலத்தில் ஈகிள்ஸ் நிதானத்தையே பிடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது, வீரர் வர்த்தகம். 2019 முடிவில் டிம் கெல்லியை ஜீலாங்கிடமிருந்து வாங்க இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் (டிராஃப்ட் என்பது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கும் ஆண்டுத் தேர்வு) இன்னும் சிலவற்றையும் கொடுத்தார்கள். கெல்லி நல்ல ஆட்டக்காரர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொரு கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பிச் செய்த பேரம். அந்த நேரத்தில் நானும் கைதட்டினேன். ஆனால் அந்த வாய்ப்புகளில் வந்திருக்க வேண்டிய பையன்கள் 2025-இல் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இருந்திருப்பார்கள். அப்போது அணியில் ஓட்டையாக இருந்தது சரியாக அந்த வயதுதான். மேலே சில மூத்தவர்கள், கீழே ஹார்லி ரீட் மாதிரி பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள், நடுவே கை கொடுக்க ஆள் இல்லை.

இந்த எல்லாம் ஒன்றுசேர்ந்து வெடித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2023 ஜூன் 24, சிட்னி கிரிக்கெட் மைதானம். அலுவலக வேலையாகப் போனவன், ஆட்டம் இருக்கிறதென்று தெரிந்து ஒரு நாள் கூடத் தங்கினேன். சிட்னி 31 கோல், 19 பிஹைண்ட், 205. ஈகிள்ஸ் 5 கோல், 4 பிஹைண்ட், 34. நூற்று எழுபத்தொரு புள்ளி வித்தியாசம், ஈகிள்ஸ் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. காயப் பட்டியல் அப்போது ஆட்டக்காரர் பட்டியலுக்கு ஈடாக இருந்தது, அது உண்மை. ஆனாலும் திரும்பத் திரும்ப நடந்தது ஒன்றுதான். நம் தடுப்புக்காரர்கள் பந்தை வாங்க முன்னே ஓடி வருவார்கள். ஓர் இளையவர் குறுகிய உதையில் தவறுவார். பந்து போய்விடும், பின்னால் யாருமே இருக்க மாட்டார்கள். அந்த மைதானம் பெர்த்தைவிட நீளம் குறைந்தது. நடுவில் இழந்த பந்து ஒரே உதையில் கோல் வாய்க்குப் போய்விடுகிறது. கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி நீலமும் மஞ்சளும் போட்டவர்கள் ஏழெட்டுப் பேர், நாங்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஆட்ட நாள். கேனிங் வேலில் இருக்கும் என் நண்பன் வீட்டில் தங்கியிருந்தேன். அவன் மகளுக்குப் பதினான்கு வயது. அங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஐந்து வயதிலிருந்து ஃபுட்டி ஆடுகிறாள். என்னோடு அவள்தான் வந்தாள். கிழக்கு பெர்த்தில் இறங்கி மட்டகரப் பாலத்தின் வழியாக நடந்தோம். ஸ்வான் ஆற்றின் மேல் நடப்பவர்களுக்காகவே கட்டிய பாலம். நாரை கழுத்தை வளைத்த மாதிரி வெள்ளையும் கறுப்புமாக இரும்பு வளைவுகள். மட்டகரப் என்றால் அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் மொழியில் 'ஒரு காலின் ஆழம்' என்று பொருளாம். ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய இடம். கீழே கறுப்பு அன்னங்கள் மூன்று. பாலம் முழுக்க நீலமும் மஞ்சளும். ஒன்பது தோல்விக்குப் பிறகும் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

அரங்கம் 2018-இல் திறந்தது, அறுபதாயிரம் பேர் கொள்ளும். வேண்டுமென்றே மேல் அடுக்கில், கோலுக்குப் பின்னால் இடம் எடுத்திருந்தேன். அங்கிருந்து மைதானம் ஒரு கோலப்பலகை மாதிரி தெரியும். பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், சுபியாக்கோ காலத்திலிருந்து வருகிறவர், மடியில் கம்பளி, கையில் மீட் பை. "ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கீங்களா? அப்ப இன்னைக்கு ஜெயிக்கணும்" என்றார்.

முதல் சில நிமிடம் நான் வழக்கம்போலப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பனின் பெண் என் கையைத் தட்டினாள். "மாமா, பந்தை விடுங்க. நம்ம ஆளுங்க பந்தை இழந்ததும் யார் முதல்ல திரும்பி ஓடுறாங்கன்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். ஆண்ட்ரூ மெக்குவால்டர் பயிற்சியாளராக வந்து முதல் பருவம். சிம்சனின் வலையைப் பழைய உருவில் மீட்கும் முயற்சி எதுவும் என் கண்ணில் படவில்லை. பந்து இழந்த இடத்திலேயே நான்கைந்து பேர் பாய்ந்து அமுக்கப் பார்த்தார்கள். தப்பித்து வந்தால்தான் பின்வாங்கினார்கள். உதைக்க வழி இல்லாதபோது பக்கவாட்டில் தேடாமல் ஹேண்ட்பாலில் முன்னே குத்தி ஓடினார்கள். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். தரையில் கிடக்கும் பந்துக்கு மூன்று நீலச் சட்டைகள் விழுவதும், எழுவதும், மறுபடி விழுவதும். மெக்கவர்ன் அன்று இல்லை, தலைக்காயம். அந்த ஆண்டே அவர் ஓய்வுபெற வேண்டியதாயிற்று. அவர் இல்லாத தடுப்பில் உயரப் பந்து வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் பந்து முன்போல அவ்வளவு சுத்தமாக உள்ளே வரவில்லை. உதைப்பவரின் காலடியில் யாராவது ஒருவர் விழுந்துகொண்டே இருந்தார், உதை கோணலாகிவிடும். தடுப்பு தொடங்குவது நூறு மீட்டருக்கு அப்பால் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது கண்ணால் புரிந்தது அன்றுதான்.

ரீட் நடுவட்டத்தில் பந்தை எடுத்துத் தோளால் ஒருவரை உதறித் தள்ளியபோது அரங்கமே எழுந்து நின்றது. அந்தப் பையன் மேல் இந்த ஊர் வைத்திருக்கும் பாரம் அதிகம். விக்டோரியாவில் டொங்காலா என்ற சின்ன ஊர்க்காரன், 2023 டிராஃப்டில் முதல் ஆள். நைட்டனூய் உயரத்தில் தட்டிக்கொடுக்க ஷூயி ஓடி வாங்கிய நடுக்களம் அவனுக்குக் கிடைக்கவில்லை. தானே போராடி எடுத்து, தானே உடைத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருந்தால் இதே திறமை இரண்டு மடங்கு தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசி சைரன் அடித்தபோது நாங்கள் முன்னால் இருந்தோம். பக்கத்து அம்மா கம்பளியை உதறிவிட்டு எழுந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். பெண் இருக்கையின் மேலேயே ஏறிவிட்டாள். அணிப் பாடல் ஒலித்தது, மேல் அடுக்கில் இருந்தவர்கள் யாரும் வெளியேறவில்லை. களத்தில் ஓர் இளைய வீரர் புல்லில் மல்லாந்து படுத்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வந்து தூக்கிவிடும்வரை அப்படியே கிடந்தார்.

அந்தப் பருவத்தில் ஈகிள்ஸ் வென்ற ஒரே ஆட்டம் அது. மொத்தம் 23-இல் 1 வெற்றி, கடைசி இடம். 2022-இல் 2, 2023-இல் 3, 2024-இல் 5 என்று ஏறி வந்தது மறுபடி 1-க்கு இறங்கியது. பருவம் முடிந்ததும் முன்கள ஆட்டக்காரர் ஆஸ்கர் ஆலன் பிரிஸ்பனுக்குப் போய்விட்டார்; 2018-இன் அந்த நான்கு மார்க்கில் ஒன்றைப் பிடித்த லியாம் ரயன் செயின்ட் கில்டாவுக்கே போனார். மேலே சொன்ன ஓட்டை இன்னும் அடைபடவில்லை, அடைபட இரண்டு மூன்று டிராஃப்டாவது ஆகும். அதுவரை குறுக்கு வழி தேடி மறுபடி முதல் சுற்று வாய்ப்புகளை விற்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பாலத்தில் நடக்க இடமில்லை. ஸ்டேடியம் ரயில் நிலையத்தில் வரிசை நீளமாக நின்றது, யாருக்கும் அவசரம் இல்லை. பெண் ரயில் பெட்டியின் கண்ணாடியில் விரலால் மைதானம் வரைந்து, மூன்றாவது குவார்ட்டரில் நம் ஆட்கள் பந்தை இழந்த ஓர் இடத்தைக் காட்டி, அங்கே யார் நின்றிருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாள்.